குட்டியை அழவிட்டுப் பழக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில், புதிதாக வீட்டுக்கு வந்த நாய்க்குட்டியை இரவில் கூண்டில் தூங்கப் பழக்குவது பற்றி ஒரு பக்கக் கட்டுரை வந்திருந்தது. கூண்டு என்ன அளவில் இருக்க வேண்டும், உள்ளே என்ன விரிக்கலாம், ராத்திரி தீனியை எத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்பதெல்லாம் சரியாகவே இருந்தது, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கடைசிப் பத்தியில், கூண்டை ஆள் இல்லாத அறையில் வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள், எவ்வளவு அழுதாலும் எட்டிப் பார்க்காதீர்கள், மூன்று ராத்திரி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் தானாக அடங்கிவிடும் என்று எழுதியிருந்ததே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். குட்டியைக் கொண்டுவந்த முதல் ராத்திரி, நடுச்சாமத்தில் தூக்கம் கெட்டுப்போய் அந்தப் பக்கத்தைத் தேடி எடுக்கிறவர்கள் முதலில் படிக்கப்போவது அந்தக் கடைசிப் பத்தியைத்தான்.

இது உங்கள் கட்டுரையாளர் புதிதாகக் கண்டுபிடித்த யோசனை இல்லை என்று தெரியும். நாய் வளர்த்த யாரைக் கேட்டாலும் பெரும்பாலும் இதையேதான் சொல்வார்கள். "ஒரு தடவை போய்ப் பார்த்தால் போச்சு, அப்புறம் தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும்" என்பார்கள். கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அது குட்டி எதற்காக அழுகிறது என்று ஒரு நிமிடம்கூட யோசிக்காமல் சொல்கிற யோசனை.

பிறந்து எட்டு வாரமான குட்டி அதுவரை ஒரு ராத்திரிகூடத் தனியாகப் படுத்திருக்காது. கண் திறக்காத முதல் இரண்டு வாரத்தில் தன் உடம்புச் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ளக்கூட அதற்குத் தெரியாது, தாயின் வயிற்றோடும் கூடப் பிறந்தவற்றோடும் ஒட்டிக்கிடந்துதான் பிழைத்திருக்கும். அதற்குப் பிறகும் எல்லாம் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கும்பலாகத்தான் தூங்கும், ஒன்று புரண்டால் மற்றது முனகும். அங்கிருந்து ஒரே நாளில் அதைத் தூக்கிக்கொண்டுவந்து, வாசனை வேறு, சத்தம் வேறு, தரை வேறு, ஆட்கள் வேறு என்று இருக்கிற ஒரு வீட்டில், இருட்டு அறையில், கம்பிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினால் அது என்ன செய்யும்? கத்தும். கத்துவதுதான் அந்த வயதில் அதற்கு இருக்கிற ஒரே வழி. காட்டில் தாயைத் தவறவிட்ட குட்டி சும்மா இருந்தால் செத்துப்போகும், கத்தினால் தாய் தேடி வரும்.

இதை நானாகச் சொல்லவில்லை. அமெரிக்காவில் ஜான் பால் ஸ்காட் என்கிற ஆய்வாளர் 1950, 60களில் நாய்க்குட்டிகளின் வளர்ச்சியைப் பற்றி வருடக்கணக்காக ஆராய்ச்சி செய்தவர். குட்டிகளைப் பழக்கமில்லாத இடத்தில் கொஞ்ச நேரம் தனியாக விட்டு, எந்த வயதில் எவ்வளவு கத்துகின்றன என்று அவருடைய குழு கணக்கெடுத்தது. ஆறு, ஏழு வார வயதில்தான் அந்தக் கத்தல் உச்சத்தில் இருந்தது. நாம் குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து வீட்டுக்குக் கொண்டுவருவது அதை ஒட்டித்தான் என்பதைக் கவனியுங்கள். பிறகு 1978இல் யாக் பாங்க்செப் என்கிற மூளை ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் (ஸ்காட்டும் அந்தக் குழுவில் இருந்தார்) தனியாக விடப்பட்ட குட்டிகளுக்கு, மயக்கம் வராத அளவுக்கு மிகக் குறைவாக மார்ஃபின் கொடுத்துப் பார்த்தார்கள். அழுகை வெகுவாகக் குறைந்தது. உடம்பு வலிக்குக் கொடுக்கிற மருந்து பிரிவின் அழுகையையும் அடக்குகிறது என்றால், மூளையில் இரண்டும் ஒரே பாதையில் ஓரளவாவது போகின்றன என்றுதானே பொருள்? இதைப் படித்த பிறகு, "சும்மா நடிக்கிறது" என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, மூன்று ராத்திரியில் அடங்குகிறதா இல்லையா என்று கேட்டால், பல குட்டிகள் அடங்கத்தான் செய்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. கத்திக் கத்தி யாரும் வரவில்லை என்றால் எந்த உயிரும் ஒரு கட்டத்தில் கத்துவதை நிறுத்திவிடும். பயம் போனதால் நிறுத்தியதா, பயனில்லை என்று நிறுத்தியதா என்பது வேறு விஷயம், மூடின கதவுக்கு வெளியே படுத்திருக்கிற நமக்கு அது தெரியாது, சத்தம் நின்றது மட்டும்தான் தெரியும். இன்னும் சில குட்டிகள் முதல் ராத்திரியே ரெண்டு முனகு முனகிவிட்டுத் தூங்கிப்போகும், அது அந்தக் குட்டியின் சுபாவம். மூன்றாவது வகைதான் பாவம். அவை அடங்காது. கம்பியைக் கடிக்கும், நகம் பிய்யப் பிராண்டும், எச்சில் ஒழுகி மார்பெல்லாம் நனைந்துபோகும், உள்ளேயே மலம் கழித்து அதிலேயே மிதித்துப் புரளும். அப்படி ஓர் இரவைக் கழித்த குட்டிக்கு மறுநாள் கூண்டைத் தூரத்தில் பார்த்தாலே வால் கவட்டுக்குள் போய்விடும். அந்தப் பயத்தைப் போக்கப் பிறகு வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் உழைக்க வேண்டியிருக்கும். வீட்டுக்கு வந்திருக்கிற குட்டி இந்த மூன்றில் எந்த வகை என்பது முன்கூட்டியே யாருக்கும் தெரியாது, அதனால்தான் எல்லோருக்கும் பொதுவாக இந்த யோசனையை அச்சடிப்பது தப்பு என்கிறேன்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அழும்போது போனால் அழுகைக்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆகிவிடாதா என்று கேட்கிறார்கள். உட்கார் என்றதும் உட்கார்வது ஒரு செயல், அதற்குத் தின்ன ஏதாவது கொடுத்தால் அந்தச் செயல் கூடும். பயம் அப்படி ஒரு செயல் இல்லை. பயந்திருக்கிற குட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்தால் பயம் குறையும், பயம் குறைந்தால் கத்த வேண்டிய அவசியமும் குறையும். அவ்வளவுதான். வேண்டுமென்றே கத்தி வேலை வாங்குவதெல்லாம் பின்னால், வீடும் ஆட்களும் பழகி, தைரியம் வந்த பிறகு வருகிற சமாசாரம். அதன் சத்தமே வேறாக இருக்கும்: "வவ்" என்று ஒன்று, அப்புறம் காதைத் தூக்கிக்கொண்டு ஒரு இடைவெளி, யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டு மறுபடி ஒன்று. பயத்தில் வருகிற கத்தலில் அந்த இடைவெளியே இருக்காது, ஒன்றோடு ஒன்று தொடுத்து ஏறிக்கொண்டே போகும், நடுவில் மூச்சு வாங்கும். இது தவிர மூன்றாவதாக ஒரு முனகல் உண்டு, தூங்குவதற்கு முன் தனக்குத்தானே அலுத்துக்கொள்கிற மாதிரி, போகப் போக இறங்கும். அதற்கு மட்டும் அசையாமல் இருந்தால் போதும், அவசரப்பட்டுக் கையை நீட்டினால் தூங்கப்போன குட்டியை நாமே எழுப்பிவிட்டது போல் ஆகும்.

அப்படியானால் என்னதான் செய்வது? கூண்டை உங்கள் கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். கட்டுரையில் நான் மாற்றச் சொல்வது அடிப்படையில் இந்த ஒன்றைத்தான். தரையில் படுக்கிறவர்களுக்குப் பிரச்சினையே இல்லை, தலைமாட்டுக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளலாம். கட்டிலில் படுக்கிறவர்கள் கூண்டை ஒரு ஆடாத ஸ்டூலிலோ அகலமான நாற்காலியிலோ மெத்தை உயரத்துக்கு ஏற்றி, கயிற்றால் கட்டி, குட்டி உள்ளே துள்ளினாலும் சரியாதபடி வைக்கலாம், அதற்கு வசதிப்படவில்லை என்றால் முதல் சில நாட்கள் நீங்கள் கீழே பாயை விரித்துக்கொள்ளுங்கள். குட்டிக்கு வேண்டியது உங்கள் முகம் தெரிவதும் மூச்சுச் சத்தம் கேட்பதும்தான்.

எங்கள் வீட்டில் இப்போது இருக்கிறவள் வந்த அன்று இப்படித்தான் படுத்தோம். விளக்கை அணைத்ததும் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி வந்தாள், கம்பியில் மூக்கைத் தேய்த்தாள், அப்புறம் ஆரம்பித்தாள். நான் ஒன்றும் பேசவில்லை, இரண்டு விரலைக் கம்பிக்குள் விட்டு அப்படியே வைத்திருந்தேன். முதலில் முகர்ந்தாள், ஊசிப் பல்லால் ஒரு கடி கடித்துப் பார்த்தாள், விரல் ஆடாமல் இருக்கவே அதில் சுவாரசியம் போய்விட்டது போலிருக்கிறது, முகவாயை அதன் மேலேயே வைத்துப் படுத்துவிட்டாள். சின்ன உடம்பிலிருந்து அவ்வளவு பெரிய பெருமூச்சு எப்படி வருகிறது என்று தெரியாது, ஒன்று விட்டாள். கொஞ்ச நேரத்தில் பின்னங்கால் உதறத் தொடங்கியது, கனவு. விரல் மரத்துப்போனதும் மெல்ல உருவிக்கொண்டேன். நாய்க்குட்டியைப் பழக்குவது என்பதில் முக்கால்வாசி இந்த மாதிரி சும்மா இருப்பதுதான்.

இப்படிப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டால் ஆயுசுக்கும் பக்கத்திலேயே இருக்குமே என்று அடுத்த கேள்வி வரும். இருக்காது. பக்கத்தில் நன்றாகத் தூங்கத் தொடங்கிய பிறகு கூண்டைத் தரைக்கு இறக்கலாம், அப்புறம் கட்டிலின் கால்மாட்டுக்கு, பிறகு அறையின் மூலைக்கு, வேண்டுமானால் வாசற்படிக்கு வெளியே என்று கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளலாம். ஓர் இடத்தில் சில நாள் நிம்மதியாகத் தூங்கினால்தான் அடுத்த இடம், நடுவில் அழுதால் ஓர் அடி பின்னால் வர வேண்டியதுதான். படுக்கையறையிலேயே இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைக்கிறவர்கள் தள்ளவே வேண்டாம், நாய்க்கு அதுதான் பிடிக்கும். எது உங்களுக்குச் சரிப்படுமோ அது.

கட்டுரையில் விட்டுப்போன இன்னொன்று, கூண்டைப் பழக்க வேண்டியது பகலில். ராத்திரி பத்து மணிக்கு முதன்முதலாக அதைக் காட்டி உள்ளே தள்ளினால் எந்தக் குட்டியும் முரண்டு பிடிக்கத்தான் செய்யும். முடிந்தால் குட்டியைக் காலையிலேயே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள், அன்று முழுக்கக் கூண்டைத் திறந்தே வைத்திருங்கள், கதவு ஆடி இடித்துப் பயமுறுத்தாதபடி அதைப் பின்பக்கம் மடக்கிக் கட்டிவிடலாம். தீனியை உள்ளே தூக்கிப் போடுங்கள். முதலில் வாசலோரம், அப்புறம் நடுவில், அப்புறம் கோடியில். உள்ளே போகும், எடுத்துக்கொண்டு உடனே வெளியே ஓடிவரும், வரட்டும், தடுக்காதீர்கள். அன்றைய சாப்பாட்டுக் கிண்ணத்தையும் உள்ளேயே வையுங்கள். தானாக உள்ளே போய் நிற்கத் தொடங்கிய பிறகு கதவைச் சாத்தி, அது தின்று முடிப்பதற்குள் திறந்துவிடுங்கள், பிறகு சாத்தியிருக்கிற நேரத்தை மெல்லக் கூட்டலாம். கதவின் தாழ்ப்பாள் சத்தத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும், கம்பிக் கூண்டுகளில் அது "கிளிங்" என்று விழும்போது பல குட்டிகள் திடுக்கிடும். அதனால் கதவை மூடாமலே அந்தத் தாழ்ப்பாளை ஆட்டி ஆட்டி ஒவ்வொரு தடவையும் ஒரு தீனி உருண்டை போட்டால், கொஞ்ச நேரத்தில் அந்தச் சத்தம் கேட்டதுமே வாலை ஆட்டிக்கொண்டு வந்து நிற்கும். பகல் தூக்கத்துக்கும் கூண்டே நல்ல இடம். இந்த வயதுக் குட்டி ஒரு நாளைக்கு 18 முதல் 20 மணி நேரம் வரை தூங்கும், தூங்க வேண்டும். சாயங்காலம் வீடெல்லாம் தறிகெட்டு ஓடி, கை கால் புடவை ஒன்று விடாமல் கடிக்கிறதென்றால் பாதி நேரம் அது விளையாட்டு இல்லை, தூக்கம் போதாத அலுப்பு. அந்த நிலையிலேயே ராத்திரி கூண்டுக்குள் விட்டால் கட்டாயம் அழும். இன்னும் ஓடவிட்டுக் களைக்க வைக்கலாம் என்று தோன்றும், அது எதிர்மாறாகத்தான் போய் முடியும்.

ராத்திரி ஒன்றுக்குப் போவது பற்றிக் கட்டுரை பட்டும் படாமலும் சொல்லியிருந்தது. எட்டு வாரக் குட்டியால் ராத்திரி முழுக்க அடக்க முடியாது, அதற்கு மனசு இருந்தாலும் உடம்பில் அந்தத் தசை இன்னும் தேறவில்லை. மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் எத்தனையோ அத்தனை மணி நேரம் அடக்கும் என்று ஒரு தோராயக் கணக்கு சொல்வார்கள், இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். தூங்கும்போது கொஞ்சம் கூடவே தாங்கும். ஆகவே முதல் சில வாரம் ராத்திரியில் ஒரு தடவையோ இரண்டு தடவையோ எழுந்தே ஆக வேண்டும், இதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஆள் இல்லாத அறையில் பூட்டி, அழுதாலும் போகாமல் இருந்தால் இந்த அழுகையும் அதில் சேர்ந்துவிடும். அடக்க முடியாமல் உள்ளேயே போய்விடும், ஈரத்திலேயே விடிய விடியக் கிடக்கும். தான் படுக்கிற இடத்தை அசிங்கப்படுத்தக் கூடாது என்று நாய்க்கு இயல்பாகவே ஓர் எண்ணம் உண்டு, கூண்டை வைத்துச் சுத்தம் பழக்குவதே அந்த எண்ணத்தை நம்பித்தான். அது ஒரு தடவை மழுங்கிப்போனால் திரும்பக் கொண்டுவருவது பெரும்பாடு.

அதனால் அலாரம் வையுங்கள். குட்டி எழுந்து அழுவதற்குக் கொஞ்சம் முன்னால் நீங்கள் எழுந்துவிட்டால் அழுது கூப்பிட வேண்டிய வேலையே அதற்கு இல்லை. எடுத்ததும் தரையில் விடாதீர்கள், இரண்டு எட்டு வைப்பதற்குள் அங்கேயே உட்கார்ந்துவிடும். தூக்கிக்கொண்டு நேராக அது போகிற இடத்துக்குப் போய்க் கயிற்றோடு இறக்கிவிட்டு, மரம் மாதிரி நில்லுங்கள். பேச்சு வேண்டாம், பெரிய விளக்கு வேண்டாம், செல்போன் வெளிச்சமும் வேண்டாம். முடித்ததும் மெதுவாக ஒரு "நல்லபிள்ளை", திரும்பவும் கூண்டு. ஐந்து நிமிடத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்றாலும் திரும்பக் கூண்டுதான், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கொண்டுபோகலாம். நடு ராத்திரியில் கொஞ்சினால், விளையாடினால், நாளைக்கும் அதே நேரத்துக்கு அதற்காகவே எழுந்து உட்காரும், தலைமேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும் என்று அவர்கள் சொல்கிற பயம் இந்த இடத்துக்கு மட்டும் பொருந்தும். எங்கே கொண்டுபோவது என்பதிலும் கவனம் தேவை: தடுப்பூசி வரிசை முடியாத குட்டியை மற்ற நாய்கள் நடமாடுகிற பொது இடத்து மண்ணில் இறக்கக் கூடாது. குட்டிகளின் உயிரையே வாங்கிவிடக்கூடிய பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். சொந்த முற்றமோ மாடியோ பால்கனியில் ஒரு தட்டோ போதும். அந்தத் தடுப்பூசி வரிசை வழக்கமாக 16 வார வயது வரை போகும். படுக்கும் முன் கடைசியாக ஒரு தடவை கொண்டுபோவதை மறக்க வேண்டாம், குட்டி தூங்கிவிட்டிருந்தாலும் எழுப்பியே கொண்டுபோகலாம். ராத்திரித் தீனியைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடிக்கச் சொல்லியிருந்தது சரி. ஆனால் தண்ணீரைச் சாயங்காலத்திலிருந்தே எடுத்துவிடச் சொல்வார்கள் சிலர், அதைக் கேட்காதீர்கள், படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் எடுத்தால் போதும், வெக்கை அதிகமான நாளில் அதுவும் வேண்டாம்.

கூண்டுக்குள் விடுவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய சில்லறை விஷயங்களும் உண்டு. கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விட வேண்டும், கம்பியில் மாட்டிக்கொண்டு மூச்சு முட்டிச் செத்த குட்டிகள் உண்டு. துணியைக் கிழித்து விழுங்குகிற குட்டியாக இருந்தால் கனமான மெத்தை, கம்பளி எதுவும் வேண்டாம், விழுங்கிய துணி குடலில் அடைத்துக்கொண்டால் அறுவை சிகிச்சை வரை போகும். தாயோடு இருந்த இடத்திலிருந்து ஒரு பழந்துணியை வாங்கிக்கொண்டுவந்தால் அந்த வாசனை உதவும். மேலே துணி போட்டு மூடுவதாக இருந்தால் உங்கள் பக்கத்தைத் திறந்து விடுங்கள், காற்றும் வேண்டும், உங்கள் முகமும் வேண்டும். குட்டி கூண்டுக்குள்ளேயே ஒன்றுக்குப் போய்விட்டால் துடைக்க அமோனியா கலந்த திரவம் வேண்டாம், அந்த வாடை மூத்திர வாடை மாதிரியே இருப்பதால் திரும்ப அங்கேயே போகும். கூண்டு பெரிதாக இருந்தால் நடுவில் தடுப்பு வைக்கச் சொன்னது சரிதான்.

கூண்டே கொடுமை என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், உங்களுக்கு அந்தப் பக்கமிருந்தும் கடிதம் வந்திருக்கும். அவர்கள் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. ஸ்வீடனிலும் பின்லாந்திலும் பயணம் போன்ற சில தேவைகள் தவிர வீட்டில் நாயைக் கூண்டில் அடைத்து வைக்கச் சட்டமே அனுமதிப்பதில்லை, கதவில்லாத கூண்டைப் படுக்கையாக வைக்கலாம். அந்த நாடுகளிலும் குட்டிகள் ராத்திரி தூங்கத்தான் செய்கின்றன. அதனால் கூண்டு இல்லாமல் முடியாது என்று யாராவது சொன்னால் அது உண்மையில்லை, படுக்கையறையில் ஒரு தடுப்பு வேலிக்குள் மெத்தையைப் போட்டும் பழக்கலாம். நான் கூண்டு பக்கம்தான். காரணம் ரொம்பச் சாதாரணமானது: ராத்திரி நாம் தூங்கும்போது குட்டி மின்கம்பியைக் கடிக்காது, படியில் உருளாது, பின்னால் ஆஸ்பத்திரியிலோ பயணத்திலோ கூண்டில் இருக்க நேர்ந்தால் பதறாது. ஆனால் ராத்திரி எட்டு மணி நேரம் கூண்டு, பகலில் வேலைக்குப் போகும்போது இன்னொரு எட்டு மணி நேரம் கூண்டு என்று வைத்தால் நான் அந்தக் கடிதக்காரர்கள் பக்கம் போய்விடுவேன். தப்பு செய்த குட்டியைத் தண்டனையாக உள்ளே தள்ளுவதும் கூடாது. வீட்டில் குழந்தைகள் இருந்தால், உள்ளே படுத்திருக்கிற குட்டியைத் தொடவோ கூண்டுக்குள் தவழ்ந்து போகவோ கூடாது என்பதைக் குட்டிக்கு முன்னால் அவர்களுக்குப் பழக்க வேண்டும், அதுதான் கஷ்டம்.

முறையெல்லாம் சரியாக இருந்தும் சில குட்டிகள் நாள் போகப் போகத் தேறாமல் மோசமாகிக்கொண்டே போகும். கதவைச் சாத்திய உடனே எச்சில் ஒழுக நடுங்குகிறது என்றால் மேலும் மேலும் சாத்திப் பார்க்க வேண்டாம், திறந்துவிட்டு வேலிக்கு மாற்றிக்கொள்ளலாம், நாய்க்கும் நமக்கும் கௌரவப் பிரச்சினை ஒன்றும் இல்லை. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த குட்டி திடீரென்று ராத்திரிகளில் அழத் தொடங்கினால், அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் போனால், வயிறு இளகியிருந்தால், முதலில் கால்நடை மருத்துவர். சிறுநீர்ப்பாதைத் தொற்றும் வயிற்றுப் புழுவும் பழக்கத்தால் சரியாகாது. மற்றபடி நான்கு மாத வயதை ஒட்டிப் பெரும்பாலான குட்டிகள் ஒரே மூச்சாக ராத்திரியைக் கடந்துவிடும், சில அதற்கு முன்பே, சில கொஞ்சம் பிந்தி.

அடுக்குமாடியில் இருக்கிறவர்கள் கவலை எனக்குப் புரிகிறது. சுவருக்கு அந்தப் பக்கம் தூங்குகிறவர்களுக்குக் குட்டியின் மனநிலை பற்றியெல்லாம் என்ன வந்தது? குட்டி வருவதற்கு முன்னாலேயே போய், இன்னின்ன நாளில் வருகிறது, ஒரு வாரம் பத்து நாள் ராத்திரி சத்தம் இருக்கலாம் என்று சொல்லிவிட்டால் பாதிச் சண்டை குறையும். இதிலும் வேறு அறையில் அழவிடுவதைவிடப் பக்கத்தில் வைத்துக்கொள்வதுதான் சத்தம் குறைந்த வழி என்பதைக் கட்டுரையாளர் யோசித்திருக்கலாம். வீட்டுக்குள்ளும் இதே மாதிரி, யார் எந்த ராத்திரி எழுவது என்று முன்பே முறை போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் எழுந்து போவதும் இன்னொருவர் "விடு, அழட்டும்" என்று தடுப்பதுமாக இருந்தால் குட்டிக்கு எதுவுமே புரியாது. ஒரு நாள் வருகிறார்கள், ஒரு நாள் வருவதில்லை என்றால் எப்போது வருவார்கள் என்று பார்ப்பதற்காகவே இன்னும் நீளமாகக் கத்தும்.

பக்கத்தின் கீழே, அடுத்த ஞாயிறு பகலில் குட்டியைத் தனியே விட்டுப் பழக்குவது பற்றி எழுதப்போவதாகக் குறிப்பு போட்டிருந்தீர்கள். அதை அச்சுக்கு அனுப்பும் முன் நாய்களின் நடத்தையைப் பற்றித் தெரிந்த ஒரு கால்நடை மருத்துவரிடம் காட்டிவிட்டால் நல்லது. இந்த மூன்று ராத்திரிப் பத்திக்கும் ஒரு திருத்தம் வேண்டும், அதைப் பின்பக்க மூலையில் பொடி எழுத்தில் போடாமல் அதே பக்கத்தில் கண்ணில் படுகிற மாதிரி போடுங்கள். இந்தக் கடிதம் நீளம் என்று தெரிகிறது, வெட்டித்தான் போட முடியும் என்றால் மற்றதையெல்லாம் வெட்டிக்கொள்ளலாம், கூண்டைக் கட்டிலுக்குப் பக்கத்தில் வைப்பதையும் அலாரம் வைப்பதையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் ஞாயிறு இணைப்பின் வாசகி